ஒரே துண்டு எஃகில் ஒரு கத்தி: இன்டெக்ரல் கத்தியைப் பார்க்கப் பழகுவது எப்படி

கத்தியைக் கையில் எடுத்ததும் நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது கூரைத்தான். கட்டை விரலை மெல்ல வைத்து, நன்றாக வெட்டுமா என்று சோதிப்போம். கைவேலைக் கத்திகளைச் சேகரிப்பவர்களிடம் ஒரு கத்தியைக் கொடுத்துப் பாருங்கள். கூர் பக்கமே போகமாட்டார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, அலகும் பிடியும் சேருகிற அந்த ஒரு அங்குலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் கட்டை விரல் நகத்தை அந்த இடத்தில் குறுக்கே ஓடவிடுவார்கள். நகம் எங்கேயாவது தட்டுகிறதா என்று பார்க்கிறார்கள்.

அந்த ஒரு அங்குலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அங்கே இணைப்பே இல்லாத ஒரு வகைக் கத்தி உண்டு. அதற்கு இன்டெக்ரல் கத்தி என்று பெயர். கைவேலைக் கத்தி உலகில் அதற்குத் தனி மரியாதை இருக்கிறது. ஏன் என்று புதிதாக வருகிறவருக்குச் சட்டென்று விளங்காது. பளபளப்பாகவும் இருக்காது, அலங்காரமும் பெரும்பாலும் இருக்காது. விலை மட்டும் பக்கத்தில் இருக்கும் கத்தியைவிடப் பல மடங்கு இருக்கும்.

சரி, அடிப்படையிலிருந்து தொடங்கலாம். கையால் செய்த சாதாரணக் கத்தி ஒன்றைப் பிரித்துப் போட்டால் நான்கைந்து துண்டுகள் கிடைக்கும். வெட்டுகிற பகுதி அலகு. அதன் பின்பக்கம் நீண்டு பிடிக்குள் போகிற வால் ஒன்று உண்டு. கத்தி செய்பவர்கள் அதை டாங் என்பார்கள். அலகுக்கும் பிடிக்கும் நடுவில் தடித்த உலோகக் கழுத்து ஒன்று இருக்கும். அதுதான் போல்ஸ்டர். அரிவாள் பிடியில் மாட்டுகிற பூணை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே இடம். சில கத்திகளில் விரல் கூரின் மேல் வழுக்கிப் போகாமல் இருக்க ஒரு தடுப்பும் இருக்கும். பிடியின் கடைசியில் குமிழ் மாதிரி ஒரு உலோகத் தொப்பி, பொம்மல். இவை எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்து, துளையிட்டு, ஆணி அடித்து, பற்றவைத்து, பசை ஊற்றிச் சேர்ப்பார்கள். போல்ஸ்டரைப் பித்தளையிலோ நிக்கல் வெள்ளியிலோ செய்வது வழக்கம்.

இன்டெக்ரல் கத்தியில் அலகு, போல்ஸ்டர், டாங் மூன்றும் ஒரே எஃகுத் துண்டு. ஒட்டும் கிடையாது, ஆணியும் கிடையாது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் வருகிற அலகு திடீரென்று இருபது மில்லிமீட்டராகத் தடித்து, மறுபடியும் மெலிந்து பிடிக்குள் போகிறது. பின்னால் இருக்கும் பொம்மலும் அதே துண்டிலிருந்தே வந்தால் அது முழு இன்டெக்ரல். முன்பக்கம் மட்டும் அப்படி என்றால் பாதி இன்டெக்ரல் என்று சொல்வோம். சந்தையில் பெரும்பாலும் காண்பது பாதி வகை. முழு வகையைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

இது ஒன்றும் நேற்று வந்த யோசனையும் இல்லை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துச் சமையல் கத்திகளைப் பார்த்திருப்பீர்கள்; அலகுக்கும் பிடிக்கும் நடுவே தடித்த கழுத்து இருக்கும். பழுக்கக் காய்ச்சிய எஃகுக் கம்பியை அச்சில் வைத்துக் கனமான சுத்தியலால் அடித்து அந்த வடிவத்தை எடுப்பார்கள். அதுவும் ஒரே துண்டுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பழைய மேசைக் கத்திகளுக்கு வேறு வழி வைத்திருந்தார்கள். எஃகு விலை அதிகம் என்பதால் அலகை மட்டும் எஃகில் செய்து, போல்ஸ்டரும் டாங்கும் வெறும் இரும்பில் எடுத்து, உலையில் காய்ச்சி அடித்தே இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். வெளியே பார்த்தால் ஒரே துண்டு மாதிரி இருக்கும். தொழிற்சாலையில் அச்சு இருக்கிறது, ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான கத்திகள் வரும். ஒரு தனி மனிதர் அச்சு இல்லாமல், ஒவ்வொரு கத்தியாக, கண் அளவையும் கை அளவையும் நம்பி இதைச் செய்யும்போதுதான் கதை மாறுகிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெட்டுவதற்கு இன்டெக்ரல்தான் சிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நன்றாகப் பொருத்திய தனிப் போல்ஸ்டர் ஒரு ஆயுளுக்கு மேலேயே தாங்கும். இன்டெக்ரலுக்குச் சில நடைமுறை நன்மைகள் உண்மையாகவே உண்டு. அலகுக்கும் போல்ஸ்டருக்கும் நடுவே இடுக்கு இல்லாததால் ஈரம் உள்ளே போய்த் துருப்பிடிக்க வழியில்லை. பற்றவைத்த இடம் விட்டுப்போகும் பயமும் இல்லை, தடுப்பு ஆடத் தொடங்குவதும் இல்லை. எடை கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கிற இடத்தில் வந்து உட்காரும், கத்தி கையில் அமைதியாக இருக்கும். ஆனால் இதற்காக மட்டும் யாரும் வருடக்கணக்கில் காத்திருப்பதில்லை.

எனக்கு இது விளங்கியது ஒரு நல்ல கத்தியைப் பார்த்து இல்லை, கெட்டுப்போன ஒன்றைப் பார்த்துத்தான். ஒரு கத்தி செய்பவர் தன் பட்டறை இழுப்பறையைத் திறந்து அதை எடுத்து நீட்டினார். அலகு முடிந்திருந்தது. எண்கோணப் போல்ஸ்டரின் எட்டு முகங்களும் வரிசையாக வந்திருந்தன. எனக்குக் குறையே தெரியவில்லை. அவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்து, அலகும் போல்ஸ்டரும் சந்திக்கிற மூலையைக் காட்டினார். தலைமுடியைவிட மெல்லிய ஒரு கோடு, நாலைந்து மில்லிமீட்டர் நீளம் இருக்கும். தோய்ச்சல் போடும்போது, அதாவது காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும்போது, விழுந்த விரிசல். சாதாரணக் கத்தியாக இருந்திருந்தால் கெட்ட பாகத்தைக் கழற்றி வேறொன்று செய்து மாட்டியிருக்கலாம், இதில் எதைக் கழற்றுவது என்று கேட்டார். முப்பது நாற்பது மணி நேர உழைப்பு அந்த இழுப்பறையில் கிடந்தது. அன்றிலிருந்து நான் இன்டெக்ரல் கத்தியைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அதில் மாற்றிப்போட ஒரு பாகமும் இல்லை, தப்பை மறைக்க ஒரு மூடியும் இல்லை. முடிந்து வந்த ஒவ்வொரு கத்தியும் எல்லா ஆபத்தையும் தாண்டி வந்த கத்தி. அந்த ஆபத்துகள் எங்கெங்கே இருந்தன என்று தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் சேகரிப்பவரின் ரசனை.

எனவே செய்முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது செதுக்கி எடுப்பது. தடித்த எஃகுக் கட்டியை வாங்கி, அறுத்து, மில்லிங் எந்திரத்தில் குடைந்து, பெல்ட் கிரைண்டரில் தேய்த்துத் தேய்த்து, கத்தி அல்லாத எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. தடிமன், 40 மி.மீ. அகலம், 250 மி.மீ. நீளமுள்ள எஃகுக் கட்டி ஏறத்தாழ இரண்டு கிலோ இருக்கும். அதிலிருந்து வருகிற வேட்டைக் கத்தி பிடி இல்லாமல் கால் கிலோ அளவில் இருக்கும். எட்டில் ஏழு பங்கு எஃகு தூளாகத் தரையில் கிடக்கிறது. அதுவும் விலை உயர்ந்த எஃகு. அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த எட்மண்ட் டேவிட்சன் முழு இன்டெக்ரலையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். ஜெர்மனியில் டீட்மார் கிரெஸ்லர் செய்த வேட்டைக் கத்திகளையும் இந்த வகையில் உச்சமாகச் சொல்வார்கள். இந்தப் பாணிக் கத்திகளில் அமெரிக்கக் கத்தி செய்பவர் பாப் லவ்லெஸின் சாயல் நிறையத் தெரியும். 1929இல் பிறந்து 2010இல் மறைந்த அவர்தான், உலையில் அடிக்காமல் தேய்த்தே உயர்ந்த கத்தி செய்யலாம் என்பதை உலகம் ஒப்புக்கொள்ளும்படி செய்தவர்.

இரண்டாவது வழி உலையில் அடித்து எடுப்பது. இங்கே வீணாவது குறைவு, திறமை வேறு விதம். முப்பது மி.மீ. அளவில் உருண்டைக் கம்பியை எடுத்து, போல்ஸ்டருக்கு எவ்வளவு எஃகு வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து, அந்தப் பகுதியின் இரண்டு பக்கமும் பள்ளம் போடுவார்கள். அப்புறம் ஒரு பக்கத்தை அலகாக நீட்டுவார்கள், மறுபக்கத்தை டாங்காக இழுப்பார்கள். நடுவில் இருப்பதைத் தொடக்கூடாது. பழுக்கக் காய்ந்த எஃகு களிமண் மாதிரி எல்லாப் பக்கமும் ஓடும். சுத்தியல் ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்தால் போல்ஸ்டர் சப்பையாகிவிடும். நடுவில் விட்ட எஃகு கொஞ்சம் குறைந்துபோனால் பின்னால் சேர்க்க வழியில்லை. இன்னொரு தொல்லை, அலகிலிருந்து போல்ஸ்டருக்கு ஏறுகிற படியில் எஃகு தன் மேலேயே மடிந்துகொள்வது. மேலே தேய்த்தால் மூடியது மாதிரி தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. அந்த மடிப்புத்தான் பின்னால் விரிசலாக வாய் திறக்கும்.

அடித்து எடுக்கும் கலை அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஏறக்குறைய மறைந்துபோகிற நிலையில் இருந்தது. கத்திக் கொல்லர் பில் மோரன் 1973இல் தன் டமாஸ்கஸ் கத்திகளை, அதாவது இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்துக் கோலம் எழச் செய்த கத்திகளை, கண்காட்சியில் வைத்த பிறகு ஆர்வம் திரும்பியது. 1976இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற கத்திக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே முதல் பட்டமான ஜர்னிமேன் பெற, தானே அடித்த ஒரே கத்தியால் தொங்குகிற கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும், மரக்கட்டையை வெட்டித் துண்டாக்க வேண்டும், அப்புறமும் அது கை முடியை மழிக்க வேண்டும். கடைசியாக அந்தக் கத்தியை இடுக்கியில் வைத்து 90 டிகிரி வளைப்பார்கள், உடையக்கூடாது. அடுத்த பட்டம் மாஸ்டர் ஸ்மித். ஒரு கத்தியின் அலகில் ஜெ.எஸ். அல்லது எம்.எஸ். என்ற முத்திரையைப் பார்த்தால் செய்தவர் இந்தச் சோதனைகளைக் கடந்தவர் என்று பொருள். முத்திரை இல்லாதவர்களிலும் பெரிய கைகள் உண்டு. ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு அது ஒரு பிடிமானம்.

இப்போது தோய்ச்சலுக்கு வருவோம். இன்டெக்ரல் கத்தியின் உயிர் இங்கேதான் ஊசலாடுகிறது. எஃகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அது கடினமாகும். எஃகின் வகையைப் பொறுத்து இந்தச் சூடு கொஞ்சம் முன்பின் இருக்கும். அப்புறம் 200 டிகிரி அளவில் அடுப்பில் இரண்டு முறை வைத்து எடுத்தால், கடினம் கொஞ்சம் குறைந்து, உடையாத பதம் வரும். நல்ல கத்திகள், கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 58 முதல் 62 வரை வந்து நிற்கும்.

ஒரே தடிமனுள்ள அலகுக்கு இது பழகிய வேலை. இன்டெக்ரலில் கூர் பக்கம் ஒரு மில்லிமீட்டர் இருக்கும், பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போல்ஸ்டர் இருபது மில்லிமீட்டர் இருக்கும். உலையில் வைத்தால் நுனி சீக்கிரம் பழுத்துவிடும், போல்ஸ்டர் இன்னும் கருஞ்சிவப்பில் நிற்கும். போல்ஸ்டர் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் நுனி அளவுக்கு மீறிக் காய்ந்து, எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பருத்துவிடும். எண்ணெயில் முக்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். 1095 என்ற எண்ணால் அழைக்கப்படும் வகை போன்ற சாதாரணக் கரி (கார்பன்) எஃகுகளுக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சூடு சட்டென்று இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கடினமே ஆகாது. மெல்லிய அலகு உடனே குளிர்ந்து இறுகிவிடும். போல்ஸ்டர் உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கும். இறுகும்போது எஃகு கொஞ்சம் விரியும். ஒரு பக்கம் விரிந்து இறுகிவிட்டது, மறுபக்கம் இன்னும் இளகி இருக்கிறது. அந்த இழுபறி முழுக்க இரண்டும் சந்திக்கும் மூலையில் வந்து நிற்கும். நான் பார்த்த அந்தத் தலைமுடிக் கோடு விழுந்த இடம் அதுதான்.

அதனால்தான் அனுபவசாலிகள் அந்த மூலையைக் கூர்மையாக விடமாட்டார்கள். சின்ன வளைவு ஒன்று கொடுப்பார்கள். பார்க்க அழகுக்காகச் செய்த மாதிரி இருக்கும். உண்மையில் அது எஃகு கிழியாமல் இருக்கச் செய்தது. பலர் போல்ஸ்டரைக் கடினமாக்காமலே விட்டுவிடுவார்கள். அது வெட்டப் போவதில்லையே. மிருதுவாக இருந்தால் பின்னால் அரத்தால் தேய்க்கவும், செதுக்கல் வேலை செய்யவும் வசதி.

அடுத்தது தேய்ப்பு. சாதாரணக் கத்தியின் அலகைத் தேய்க்கும்போது எதிரே ஒன்றும் கிடையாது. பெல்ட்டில் வைத்து நீளமாக இழுக்கலாம். பாகங்களை அப்புறம்தான் மாட்டுவார்கள். இன்டெக்ரலில் போல்ஸ்டர் எப்போதும் வழியில் நிற்கும். பெல்ட்டின் ஓரம் அதில் இடித்தால் அரை நொடியில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். எனவே கடைசி அரை அங்குலத்தைச் சின்ன உருளைகளை வைத்தும், அரத்தாலும், கடைசியில் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக் கையாலும்தான் முடிக்க வேண்டும். 120ஆம் நம்பர் தாளில் தொடங்கி 220, 400, 600 என்று நம்பர் ஏறி, தாள் நைசாக ஆக ஆக, முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. திறந்த அலகில் இது பொறுமை வேலை. மூலையில் பெரும் சோதனை. உப்புத்தாள் முன்னும் பின்னும் போகும்போது, போல்ஸ்டரில் முட்டித் திரும்புகிற இடத்தில் கீறல்கள் தூண்டில் முள் மாதிரி வளைந்து நிற்கும். அதைத் தவிர்க்க ஒரே திசையில் மட்டும் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பையும் மூலையில் தொடங்கி, நுனி பக்கம் வழியவிட வேண்டும். நூற்றுக்கணக்கான முறை.

அடுத்த தடவை ஒரு இன்டெக்ரல் கத்தி கைக்கு வந்தால் அந்த மூலையைத்தான் முதலில் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், அது பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். கத்தியை மெதுவாகச் சாய்க்கும்போது வெளிச்சக் கோடு அலகின் மேல் வழிந்து போல்ஸ்டர் வரை போகும். நல்ல வேலையில் அந்தக் கோடு உடையாமல், நடுங்காமல் வளைவில் ஏறும். எங்கேயாவது அலை அடித்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. தூண்டில் முள் கீறல் தெரிந்தால் கடைசி மணி நேரத்தில் அவசரப்பட்டிருக்கிறார் என்று பொருள். அப்புறம் கத்தியைத் திருப்பி மறுபக்க மூலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் தொடங்குகிறதா? முதுகுப் பக்கத்திலிருந்து நேராகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அலகு போல்ஸ்டரின் சரிநடுவிலிருந்து புறப்பட்டு நுனி வரை சீராக மெலிய வேண்டும். கொஞ்சம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலும் கண்ணுக்கு உறுத்தும். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்துப் பன்னிரண்டு கத்திகள் தேவைப்பட்டன. முதல் இரண்டு மூன்றில் எல்லாமே ஒன்றாகத்தான் தெரிந்தன.

பிடியும் இதே கண்டிப்பைக் கேட்கும். போல்ஸ்டரின் பின்முகத்தில் மரமோ கொம்போ வந்து உட்கார வேண்டும், நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. தனிப் போல்ஸ்டர் என்றால் அதைக் கொஞ்சம் தேய்த்து மரத்துக்கு ஏற்றபடி சரிசெய்யலாம். இங்கே எஃகு நகராது, மரம்தான் வளைந்து கொடுக்க வேண்டும். முழு இன்டெக்ரலில் இது உச்சத்துக்குப் போகிறது. முன்னால் போல்ஸ்டர், பின்னால் பொம்மல், இரண்டும் அசையாதவை. நடுவில் வருகிற மரத்துண்டு இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். ஒரு முனையில் இடைவெளியை மூட ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால் மறுமுனையில் இடைவெளி திறக்கும். சிலர் இரண்டு முனைகளையும் சாய்வாகவே வெட்டி, மரம் உலோகத்துக்கு அடியில் நுழைந்து பிடித்துக்கொள்ளும்படி செய்வார்கள். பார்க்கவும் அழகு, பசை விட்டாலும் மரம் எழும்பாது. செய்வதோ இரண்டு மடங்கு கஷ்டம்.

பிடிக்கு என்ன பொருள் என்பது அவரவர் ரசனை. பாலைவன அயர்ன்வுட் மரத்துக்கு எப்போதும் வரவேற்பு இருக்கும். அடர்த்தியான மரம், ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. பிசின் ஏற்றிய மரங்களும் அப்படித்தான். மைக்கார்ட்டா துணியையும் பிசினையும் அழுத்திச் செய்தது, அழகில் எளிமை, உழைப்பில் கெட்டி. பழைய கத்திகளில் கடமான் கொம்பைப் பார்க்கலாம். உலகமெங்கும் போன அந்தக் கொம்பு ஒரு காலத்தில் இந்தியக் காடுகளிலிருந்துதான் போனது. ஏற்றுமதி நிறுத்தப்பட்ட பிறகு பெரும்பாலும் பழைய இருப்புத்தான் கைமாறுகிறது. கொம்பு, தந்தம் போன்றவற்றில் பிடி போட்ட கத்தியை வாங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

டமாஸ்கஸ் இன்டெக்ரலைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கி, முடிந்த பின் அமிலத்தில் முக்கினால் ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் கோலம் எழும். தட்டையான அலகில் அது ஒரு படம் மாதிரிதான். தடித்த போல்ஸ்டரில் அதே அடுக்குகள் குறுக்காக வெட்டுப்பட்டு நிற்கும், மரத்தைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள் தெரிகிற மாதிரி. அலகில் ஓடிவந்த கோடு மூலையில் ஏறி, போல்ஸ்டரின் முகத்தைச் சுற்றி மறுபக்கம் இறங்கி மறுபடியும் அலகில் சேருவதைக் கண்ணால் பின்தொடரலாம். இது ஒரே துண்டுதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சாட்சி என்றதும் ஒரு எச்சரிக்கை. தனியாகச் செய்த போல்ஸ்டரை வெல்டிங் செய்து, தேய்த்து, இன்டெக்ரல் என்று விற்பதும் நடக்கிறது. நன்றாகத் தேய்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அமிலத்தில் முக்கினால் பெரும்பாலும் வெல்டிங் கோடு நிறம் மாறித் தெரிந்துவிடும். ஆனால் வாங்கப் போகிற கத்தியை யாரும் அமிலத்தில் முக்கவிடமாட்டார்கள். செய்தவரிடம் கேட்பதுதான் வழி. கம்பியாக இருந்ததிலிருந்து முடிந்தது வரை படங்கள் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பெருமையாகச் செய்தவர் எல்லாக் கட்டத்தையும் படம் எடுத்து வைத்திருப்பார்.

டாங் விஷயத்தில் மட்டும் செய்பவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. சிலர் அலகையும் போல்ஸ்டரையும் ஒரே துண்டில் அடித்துவிட்டு, பிடிக்குள் மறையும் வாலை மட்டும் வேறு எஃகில் வெல்டிங் செய்து நீட்டுவார்கள். கம்பி நீளம் போதாமல் போவதும் உண்டு, டாங் மிருதுவாக இருந்தால் உடையாது என்பதும் உண்டு. இது இன்டெக்ரலா இல்லையா? என் கருத்து, செய்தவர் அதை வாய்விட்டுச் சொன்னால் இன்டெக்ரல்தான். கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கழுத்தில்தான் எல்லா ஆபத்தும் இருந்தது, அதைத் தாண்டிவிட்டார். சொல்லாமல் விட்டால் எனக்கு அந்தக் கத்தியின் மேல் நம்பிக்கை போய்விடும், வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

வாங்குவது என்று வந்தால் முதல் கத்தியிலேயே பெரிய பெயருக்குப் போக வேண்டாம். பெரிய கைகளிடம் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீளும். சிலர் புதிய ஆர்டரே எடுப்பதில்லை, கண்காட்சியில் குலுக்கல் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். வளர்ந்து வருகிற ஒருவரின் எளிமையான பாதி இன்டெக்ரல் ஒன்றை எடுங்கள், முடிந்தால் அவர் பட்டறைக்கே போய். உருண்டைப் போல்ஸ்டரைவிட எண்கோணம் கஷ்டம். முகங்கள் பிடியின் மேலும் அதே விளிம்பில் தொடர்ந்து ஓடினால் அதைவிடக் கஷ்டம். விலை ஏறுவதன் காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும். விற்றால் என்ன கிடைக்கும் என்ற கணக்கோடு மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மூலையைப் பார்க்கத் தெரியாமல் பெயரைப் பார்த்து வாங்கியவர்கள்தான் ஏமாந்து நிற்கிறார்கள்.

வாங்கிய பின் பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. கரி எஃகு என்றால் விரல் ரேகையே துருவாக மாறும். ஒவ்வொரு முறை கையில் எடுத்த பிறகும் மெல்லிய துணியால் துடைத்து, மினரல் எண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள். அருங்காட்சியகப் பொருள்களுக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனைசான்ஸ் வாக்ஸ் என்ற மெழுகையும் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். தோல் உறைக்குள்ளேயே வைத்து மறந்துவிடக் கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும், பதப்படுத்திய ரசாயனமும் எஃகைக் கடிக்கும். உறை தனியே, கத்தி தனியே.

கடைசியாக ஒன்று. வாங்கிச் சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது போல்ஸ்டருக்குப் பின்னால் மெல்ல ஒரு தட்டு தட்டலாம். முதல் நாள் அது இருந்திருக்காது. பயப்பட வேண்டாம். மரம் காற்றில் உள்ள ஈரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் ஊதும், கொஞ்சம் சுருங்கும். எஃகு நின்ற இடத்திலேயே நிற்கும். மழைக்காலத்தில் மரம் ஒரு இழை உயர்ந்து, கோடையில் ஒரு இழை தாழ்ந்து நிற்பது இயல்பு. அதைச் சரிசெய்கிறேன் என்று உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். பருவம் மாறியதும் மரம் திரும்பி வரும்போது உங்கள் கைவேலைதான் பள்ளமாகத் தெரியும், போல்ஸ்டரிலும் கீறல் விழுந்திருக்கும். ஒரு வருடம் முழுக்கப் பாருங்கள். அப்புறமும் நகம் தட்டினால் செய்தவருக்கே அனுப்பிவையுங்கள். அந்த மூலையில் எந்தத் திசையில் தேய்த்தார் என்பது அவர் கைக்குத்தான் தெரியும்.